ஜெர்மனியில் பொறியியல் முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பித்தல்

ஜெர்மனியில் பொறியியல் முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பித்தல் என்பது, இந்தியா போன்ற ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயுள்ள நாடுகளில் இளநிலைப் பொறியியல் பட்டம் (பி.ஈ., பி.டெக்.) பெற்றோர், ஜெர்மனியின் உயர்கல்வி நிறுவனம் ஒன்றில் முதுநிலைப் பட்டப் படிப்பில் சேர்வதற்குக் கடைப்பிடிக்க வேண்டிய நடைமுறைகளைக் குறிக்கும். தகுதி அறிதல், ஆவணங்களைச் சரிபார்த்தல், பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தல், பணச் சான்று காட்டுதல், விசா பெறுதல் ஆகியவை இதன் முதன்மைக் கட்டங்களாகும். ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லாததால், இந்தியப் பொறியியல் பட்டதாரிகள் பலர் இந்நாட்டைத் தேர்ந்தெடுக்கின்றனர். 2022/23 குளிர்காலப் பருவத்தில் இந்திய மாணவர்கள், சீன மாணவர்களை முந்தி, ஜெர்மனியில் பயிலும் வெளிநாட்டு மாணவர்களுள் மிகப் பெரிய குழுவினர் ஆயினர். 2023/24இல் அவர்களின் எண்ணிக்கை 49,000ஐக் கடந்தது.

பின்னணி

ஜெர்மனியில் நெடுங்காலமாகப் பொறியியல் கல்வி "டிப்ளோம் இஞ்சினியர்" என்னும் ஒரே நீண்ட பட்டமாக இருந்தது. இளநிலை, முதுநிலை என்ற பிரிவு அதில் இல்லை. இந்தியாவில் டிப்ளோமா எனப்படும் பல்தொழில்நுட்பப் பயிலகப் படிப்புடன் இதனைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது முதுநிலைப் பட்டத்துக்கு இணையானது.

1999ஆம் ஆண்டு சூன் 19 அன்று 29 ஐரோப்பிய நாடுகள் இத்தாலியின் பொலோஞா நகரில் ஓர் உடன்பாட்டில் கையொப்பமிட்டன. ஐரோப்பிய நாடுகளின் பட்டங்கள் ஒன்றோடொன்று ஒப்பிடத்தக்கவையாக இருக்க வேண்டும் என்பது இதன் நோக்கமாகும். இதைத் தொடர்ந்து ஜெர்மனியிலும் இளநிலை, முதுநிலை என்ற இரண்டு அடுக்கு முறை படிப்படியாக அறிமுகமானது. வெளிநாட்டில் இளநிலைப் பட்டம் பெற்ற ஒருவர் நேரடியாக முதுநிலையில் சேரும் வழி, இம்மாற்றத்துக்குப் பின்னரே பரவலாகத் திறந்தது. ஆங்கில வழி முதுநிலைப் படிப்புகளும் இக்காலத்திலேயே பெருகின.

பொறியியல் கல்வியில் தமிழ்நாட்டுக்கும் ஜெர்மனிக்கும் இதனினும் பழைய தொடர்பு உண்டு. சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 1959ஆம் ஆண்டில் மேற்கு ஜெர்மனியின் தொழில்நுட்ப உதவியுடனும் நிதி உதவியுடனும் நிறுவப்பட்டதாகும்.

கல்வி நிறுவனங்களின் வகைகள்

ஜெர்மனியில் கல்வி பெரும்பாலும் மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டது. இதனால் கட்டணம், முறையீடு போன்ற விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றன. விண்ணப்பதாரர் நோக்கில் நிறுவனங்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

பல்கலைக்கழகங்களும் தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களும்: இவை ஆராய்ச்சியை முதன்மையாகக் கொண்டவை, முனைவர் பட்டம் வழங்கும் உரிமை உடையவை. ஆகன், பெர்லின், பிரவுன்சுவைக், டார்ம்சுடாட், டிரெசுடன், அனோவர், கார்ல்சுரூ, மியூனிக், சுடுட்கார்ட் ஆகிய ஒன்பது நகரங்களின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்கள் "டி.யூ. 9" என்னும் கூட்டமைப்பாக இயங்குகின்றன.

பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகங்கள்: முன்னர் "ஃபாக்ஹோக்சூலே" என அழைக்கப்பட்ட இவை தொழில்துறையோடு நெருங்கிய உறவுடையவை. வகுப்புகள் பொதுவாகச் சிறியவை. முனைவர் பட்டம் வழங்கும் உரிமை இவற்றுக்கு மிகக் குறைந்த அளவிலேயே உண்டு. ஆயினும் இவை வழங்கும் முதுநிலைப் பட்டம் சட்டப்படி பல்கலைக்கழகப் பட்டத்துக்கு இணையானது. அதைக் கொண்டு பிறிதொரு பல்கலைக்கழகத்தில் முனைவர் ஆய்வுக்கு விண்ணப்பிக்க இயலும்.

தனியார் நிறுவனங்கள்: இவை கட்டணம் பெறுபவை. அரசு ஏற்பு பெற்ற தனியார் நிறுவனமா என்பதை விண்ணப்பிக்கும் முன்னரே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

தகுதி

பட்டத்தின் ஏற்பு

விண்ணப்பதாரரின் கல்லூரியும் பட்டமும் ஜெர்மனியில் ஏற்கப்பட்டவையா என்பதை "அனாபின்" என்னும் தரவுத்தளத்தில் காணலாம். இதனை மாநிலக் கல்வி அமைச்சர்களின் நிலைப்பேரவையின் கீழ் இயங்கும் வெளிநாட்டுக் கல்விக்கான நடுவண் அலுவலகம் பேணுகிறது. இதில் "எச் கூட்டல்" எனக் குறிக்கப்பட்ட நிறுவனம் ஏற்கப்பட்டது. "எச் கழித்தல்" எனக் குறிக்கப்பட்டது ஏற்கப்படாதது. இரண்டு குறிகளும் சேர்ந்திருந்தால் தனித்தனியே ஆராயப்படும். இணைப்புக் கல்லூரியில் படித்தோருக்குப் பட்டம் வழங்கிய பல்கலைக்கழகத்தின் நிலையே கருதப்படும். எடுத்துக்காட்டாக, அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரியில் படித்தவர் தம் கல்லூரியின் பெயரைத் தேடாமல் பல்கலைக்கழகத்தின் பெயரையே தேட வேண்டும்.

பாடத் தொடர்ச்சி

ஜெர்மனியின் முதுநிலைப் படிப்புகளுள் பெரும்பாலானவை தொடர்ச்சிப் படிப்புகள் ஆகும். அதாவது, இளநிலையில் படித்த துறையின் மீதே முதுநிலை கட்டப்படுகிறது. இந்திய விண்ணப்பதாரர் பலர் இடம் இழப்பதற்கு முதன்மைக் காரணம் குறைந்த மதிப்பெண் அன்று. இத்தொடர்ச்சி இல்லாமையே ஆகும். இயந்திரப் பொறியியல் படித்த ஒருவர் தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தில் மூன்று ஆண்டுகள் பணியாற்றியிருந்தாலும், கணினி அறிவியல் முதுநிலைக்குப் பெரும்பாலும் தகுதி பெறுவதில்லை. பணி அனுபவம், கல்லூரியில் படிக்காத பாடங்களுக்கு ஈடாகக் கருதப்படுவதில்லை. இத்தகையோருக்கு இயந்திர மின்னணுவியல், கணிப்பு முறைப் பொறியியல், தானியங்கி ஊர்தி மென்பொருள் போன்ற இடைத்துறைப் படிப்புகள் ஏற்றவையாக அமையலாம்.

படிப்புப் புள்ளிகள்

தொடர்ச்சியை அளக்கும் கருவி ஐரோப்பியப் படிப்புப் புள்ளி முறையாகும். இது ஈ.சி.டி.எஸ். என வழங்கப்படுகிறது. ஓர் ஆண்டு முழுநேரப் படிப்பு 60 புள்ளிகள் ஆகும். ஒரு புள்ளி என்பது வகுப்பு, வீட்டுப் படிப்பு, தேர்வு எல்லாம் சேர்த்து 25 முதல் 30 மணி நேர உழைப்பைக் குறிக்கும். ஜெர்மனியில் இளநிலைப் பட்டம் பொதுவாக 180 அல்லது 210 புள்ளிகளும், முதுநிலைப் பட்டம் 90 அல்லது 120 புள்ளிகளும் கொண்டது. இரண்டும் சேர்ந்து 300 ஆக வேண்டும் என்பது பொது விதியாகும்.

பல படிப்புகளின் சேர்க்கை விதிகளில், "கணிதத்தில் 20 புள்ளிகள், பொறி இயக்கவியலில் 15 புள்ளிகள்" என்பதைப் போன்ற நிபந்தனைகள் காணப்படும். இந்தியப் பாடப் புள்ளிகளை இப்புள்ளிகளாக மாற்ற எங்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட ஒரே வாய்பாடு இல்லை. அனைத்திந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2018இல் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டம் நான்கு ஆண்டுகளுக்கு 160 புள்ளிகளைக் கொண்டது. ஐரோப்பிய முறையில் நான்கு ஆண்டுகள் 240 புள்ளிகள் என்பதால், ஓர் இந்தியப் புள்ளி ஏறத்தாழ ஒன்றரை ஐரோப்பியப் புள்ளிக்குச் சமம் எனத் தோராயமாகக் கணக்கிடலாம். இக்கணக்கின்படி, தலா 4 புள்ளிகள் கொண்ட நான்கு கணிதத் தாள்களை முடித்தவருக்கு 24 ஐரோப்பியப் புள்ளிகள் கிடைக்கும். மேற்கண்ட கணித நிபந்தனையை அவர் நிறைவு செய்கிறார். எனினும் இறுதி முடிவு அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் குழுவைச் சார்ந்ததாகும்.

பாடத்தின் பெயரைக் காட்டிலும் அதன் உள்ளடக்கத்தையே சேர்க்கைக் குழு ஒப்பிடுகிறது. ஆதலால் ஒவ்வொரு தாளின் அலகுகளையும் பாட நூல்களையும் காட்டும் பாடத்திட்ட ஏடு முக்கியமான ஆவணமாகும். தாம் படித்த ஒழுங்குவிதி ஆண்டுக்குரிய பாடத்திட்டத்தையே இணைக்க வேண்டும். பின்னர் வந்த ஒழுங்குவிதியின் பாடத்திட்டத்தை இணைத்தால் தாள்களின் பெயரும் குறியீடும் மதிப்பெண் பட்டியலோடு பொருந்தாமற் போகும்.

மதிப்பெண் மாற்றம்

ஜெர்மன் மதிப்பீட்டு முறையில் 1.0 மிகச் சிறந்தது, 4.0 குறைந்தபட்சத் தேர்ச்சி, 5.0 தோல்வி. எண் குறையக் குறையத் தரம் உயர்கிறது. வெளிநாட்டு மதிப்பெண்ணை இம்முறைக்கு மாற்றத் "திருத்திய பவேரிய வாய்பாடு" பயன்படுகிறது. அது பின்வருமாறு:

ஜெர்மன் மதிப்பு = 1 + 3 × (உச்ச மதிப்பெண் − பெற்ற மதிப்பெண்) ÷ (உச்ச மதிப்பெண் − குறைந்தபட்சத் தேர்ச்சி மதிப்பெண்)

எடுத்துக்காட்டாக, 10 புள்ளி அளவையில் 8.2 சராசரி பெற்ற ஒருவரின் குறைந்தபட்சத் தேர்ச்சி 5 எனில்,

1 + 3 × (10 − 8.2) ÷ (10 − 5) = 1 + 5.4 ÷ 5 = 2.08

பொதுவாகத் தசமத்துக்குப் பின் ஓர் இலக்கம் மட்டும் கொள்ளப்படுவதால் இவர் மதிப்பு 2.0 ஆகும். பல படிப்புகள் 2.5 அல்லது அதற்கும் சிறந்த மதிப்பைக் கேட்கின்றன. மேற்கண்ட அளவையில் அது 7.5 சராசரிக்கு ஈடாகும்.

குறைந்தபட்சத் தேர்ச்சி மதிப்பெண் இவ்வாய்பாட்டில் பெரும் மாற்றத்தை உண்டாக்குகிறது. அதே 8.2 சராசரிக்குக் குறைந்தபட்சத் தேர்ச்சி 4 என்று கொண்டால் மதிப்பு 1.9 ஆகும், 6 என்று கொண்டால் 2.35 ஆகிவிடும். ஒரே பல்கலைக்கழகத்திலும் ஒழுங்குவிதி மாறும்போது தர எழுத்துகளும் தேர்ச்சிப் புள்ளியும் மாறக்கூடும். ஆகவே தம் ஒழுங்குவிதியின் மதிப்பீட்டு முறையை விளக்கும் சான்றினைக் கல்லூரியிலோ பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலோ பெற்று இணைப்பது இன்றியமையாதது. மதிப்பெண் பட்டியலின் பின்புறத்தில் இவ்விளக்கம் அச்சிடப்பட்டிருந்தால் அப்பக்கத்தையும் படியெடுத்து இணைக்க வேண்டும்.

மொழித் தகுதி

ஆங்கில வழிப் படிப்புகளுக்கு ஐ.ஈ.எல்.டி.எஸ்., டோஃபல் போன்ற தேர்வுகள் கேட்கப்படுகின்றன. ஐ.ஈ.எல்.டி.எஸ். தேர்வில் 6.0 அல்லது 6.5 என்பது பரவலாகக் காணப்படும் வரம்பாகும். பயிற்றுமொழி ஆங்கிலம் எனக் கல்லூரி தரும் சான்றைச் சில நிறுவனங்கள் ஏற்கின்றன, பல ஏற்பதில்லை.

ஜெர்மன் வழிப் படிப்புகளுக்கு டெஸ்ட்டாஃப் தேர்வின் நான்கு பகுதிகளிலும் நான்காம் நிலை, அல்லது டி.எஸ்.எச். தேர்வின் இரண்டாம் நிலை பொதுவாகக் கேட்கப்படும். சென்னையில் மாக்சு முல்லர் பவன் எனப்படும் கோதே நிறுவனம் ஜெர்மன் மொழி வகுப்புகளையும் தேர்வுகளையும் நடத்துகிறது. ஆங்கில வழிப் படிப்பில் சேர்பவருக்கும் ஜெர்மன் மொழி அறிவு பயனற்றதன்று. வாடகை ஒப்பந்தம், மருத்துவமனை, அரசு அலுவலகம், தொழிற்பயிற்சி, படிப்புக்குப் பின் வேலை ஆகிய யாவும் பெரும்பாலும் அம்மொழியிலேயே நடைபெறுகின்றன.

பிற தேர்வுகள்

ஜி.ஆர்.ஈ. தேர்வு ஜெர்மனியில் பொதுவான கட்டாயம் அன்று. எனினும் சில தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்கள் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே பட்டம் பெற்றோரிடம் இதனைக் கேட்கின்றன. இந்தியாவின் கேட் தேர்வு மதிப்பெண்ணை ஏற்கும் படிப்புகளும் உள்ளன.

தேவையான ஆவணங்கள்

படிப்புக்குப் படிப்பு சிறு வேறுபாடுகள் இருப்பினும் பின்வருவன பொதுவாகக் கேட்கப்படும்:

- பட்டச் சான்றிதழ் அல்லது தற்காலிகச் சான்றிதழ்
- எல்லாப் பருவங்களின் மதிப்பெண் பட்டியல்கள்
- பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்கள்
- மதிப்பீட்டு முறை விளக்கமும் பாடத்திட்ட ஏடும்
- மொழித் தேர்வுச் சான்று
- தன்விவரக் குறிப்பு
- நோக்கக் கடிதம்
- பேராசிரியர் அல்லது பணியிட மேலாளரின் பரிந்துரைக் கடிதங்கள்
- கடவுச்சீட்டின் படி
- ஏ.பி.எஸ். சான்றிதழ்

தன்விவரக் குறிப்பு இங்கு பெரும்பாலும் அட்டவணை வடிவில், ஆண்டும் மாதமும் குறித்து எழுதப்படுகிறது. படிப்புக்கும் பணிக்கும் இடையே விளக்கப்படாத இடைவெளி இருப்பது விரும்பப்படுவதில்லை.

நோக்கக் கடிதம் பொதுவாக ஒன்று அல்லது இரண்டு பக்கங்கள் கொண்டது. இந்தப் படிப்பு ஏன், இந்த நிறுவனம் ஏன், இளநிலையில் படித்த எந்தப் பாடங்களும் செய்த எந்தத் திட்டப்பணியும் இதற்கு அடித்தளம், படிப்புக்குப் பின் என்ன செய்யக் கருதப்படுகிறது ஆகிய வினாக்களுக்கு அது விடை கூற வேண்டும். இளமையில் பொம்மை மகிழுந்தைப் பிரித்துப் பார்த்ததிலிருந்து தொடங்கும் கடிதங்களைச் சேர்க்கைக் குழுவினர் மிகுதியாகக் காண்கின்றனர். இறுதியாண்டுத் திட்டப்பணியில் தாம் செய்த பங்கு என்ன, என்ன அளவீடு கிடைத்தது, எது தவறிற்று என்பவற்றைத் தெளிவாக எழுதுவதே பயன்தரும். பிறர் கடிதத்தைப் படியெடுத்தல் கண்டறியப்பட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும்.

ஏ.பி.எஸ். சான்றிதழ்

ஏ.பி.எஸ். என்பது ஜெர்மன் தூதரகத்தின் கல்விச் சான்று ஆய்வு நிலையத்தைக் குறிக்கும் சுருக்கப் பெயராகும். இத்தகைய நிலையம் சீனாவில் 2001ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. இந்தியாவில் புது தில்லியில் இயங்கும் நிலையத்தின் சான்றிதழ், 2022ஆம் ஆண்டு நவம்பர் 1 முதல் மாணவர் விசாவுக்குக் கட்டாயமாக்கப்பட்டது. அதற்கான கட்டணம் 18,000 ரூபாய் என வரையறுக்கப்பட்டது.

இந்நிலையம் மதிப்பெண் பட்டியல்களும் பட்டச் சான்றும் உண்மையானவையா, ஜெர்மனியில் படிப்பதற்கான அடிப்படைத் தகுதி உண்டா என்பவற்றை ஆராய்கிறது. இது சேர்க்கை அனுமதி அன்று. சான்றிதழ் பெற்ற ஒருவரைப் பல்கலைக்கழகம் நிராகரிக்கலாம். பெயரின் எழுத்துக்கூட்டல் ஆவணத்துக்கு ஆவணம் மாறுபடுதல் தமிழ்நாட்டு மாணவர் சந்திக்கும் இயல்பான சிக்கலாகும். பள்ளிச் சான்றிதழில் தலைப்பெழுத்தாக மட்டும் இருக்கும் தந்தை பெயர், கடவுச்சீட்டில் குடும்பப் பெயராக விரிவாக இருக்கும். எல்லாப் படிவங்களிலும் கடவுச்சீட்டில் உள்ளபடியே பெயரை எழுதுதல் இச்சிக்கலைக் குறைக்கும்.

விண்ணப்பிக்கும் வழிகள்

விண்ணப்பம் இரு வழிகளில் செல்கிறது. சில பல்கலைக்கழகங்கள் தம் இணையத்தளம் வழியாக நேரடியாகப் பெறுகின்றன. வேறு சில, "யூனி அசிஸ்ட்" என்னும் பொது அமைப்பின் வழியாகப் பெறுகின்றன. 2003ஆம் ஆண்டு நிறுவப்பட்ட இவ்வமைப்பு பெர்லினில் உள்ளது. இது ஆவணங்களைச் சரிபார்த்து, மதிப்பெண்ணை ஜெர்மன் அளவைக்கு மாற்றிப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புகிறது. தானே சேர்க்கை வழங்குவதில்லை. ஒரு பருவத்தில் முதல் விருப்பத்துக்கு 75 யூரோவும், அடுத்த ஒவ்வொரு விருப்பத்துக்கும் 30 யூரோவும் கட்டணமாகும். சில பல்கலைக்கழகங்கள் இவ்வமைப்பிடமிருந்து முன்னாய்வு ஆவணம் ஒன்றை மட்டும் பெற்று, அதனுடன் தம்மிடம் நேரடியாக விண்ணப்பிக்குமாறு கேட்கின்றன.

படிப்புகளைத் தேடுவதற்கு ஜெர்மன் கல்விப் பரிமாற்றச் சேவையின் பன்னாட்டுப் படிப்புகள் பட்டியல் பயன்படுகிறது. டாட் எனச் சுருக்கமாக அழைக்கப்படும் இச்சேவை 1925ஆம் ஆண்டு தோன்றியது. இதற்குச் சென்னையிலும் தகவல் மையம் உண்டு.

சேர்க்கை இருவகைப்படும். இட வரம்பற்ற படிப்பில் நிபந்தனைகளை நிறைவு செய்த அனைவருக்கும் இடம் கிடைக்கும். இட வரம்புள்ள படிப்பில் தகுதியுடையோர் தரவரிசைப்படுத்தப்படுவர். சில பல்கலைக்கழகங்கள் மதிப்பெண், பாடப் பொருத்தம், நோக்கக் கடிதம் ஆகியவற்றுக்குத் தனித்தனியே புள்ளி வழங்கித் தகுதி காணும் முறையைக் கையாளுகின்றன. இடைநிலையில் உள்ளோரை நேர்காணலுக்கு அழைப்பதும் உண்டு.

கால அட்டவணை

கல்வியாண்டு இரு பருவங்களைக் கொண்டது. குளிர்காலப் பருவத்தின் வகுப்புகள் செப்டம்பர் இறுதியிலோ அக்டோபரிலோ தொடங்கும். கோடைப் பருவத்தின் வகுப்புகள் மார்ச்சு, ஏப்பிரல் மாதங்களில் தொடங்கும். பொதுவான கடைசி நாள் முறையே சூலை 15, சனவரி 15 என்றிருப்பினும், வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்குப் பல படிப்புகள் மார்ச்சு முதல் மே வரையிலான முந்தைய நாள்களைக் குறிக்கின்றன. கோடைப் பருவத்தில் தொடங்கும் படிப்புகள் குறைவு.

குளிர்காலப் பருவத்துக்கான ஏற்பாட்டு வரிசை பின்வருமாறு அமையலாம்:

- முந்தைய ஆண்டு சூலை முதல் அக்டோபர் வரை: படிப்புகளைத் தேர்தல், மொழித் தேர்வு, பாடத்திட்ட ஏடு திரட்டுதல்
- அக்டோபர் முதல் திசம்பர் வரை: ஏ.பி.எஸ். விண்ணப்பம், பரிந்துரைக் கடிதங்கள்
- சனவரி முதல் மே வரை: பல்கலைக்கழக விண்ணப்பங்கள்
- மே முதல் சூலை வரை: முடிவுகள், பணச் சான்று, விசா விண்ணப்பம்
- செப்டம்பர், அக்டோபர்: பயணமும் பதிவும்

இறுதியாண்டு மாணவருக்கு இவ்வட்டவணையில் ஒரு நெருக்கடி உண்டு. தமிழ்நாட்டின் பொறியியல் கல்லூரிகளில் எட்டாம் பருவத் தேர்வு முடிவு வெளிவருமுன்னரே பல பல்கலைக்கழகங்களின் கடைசி நாள் கடந்துவிடும். முடிந்த பருவங்களின் மதிப்பெண்ணைக் கொண்டு விண்ணப்பிக்க அனுமதித்து, பட்டச் சான்றைச் சேரும்போது காட்டுமாறு நிபந்தனை விதிக்கும் பல்கலைக்கழகங்கள் உள்ளன. பட்டம் முடித்த பின்னரே விண்ணப்பிக்க வேண்டும் என்போரும் உள்ளனர். முடிக்காத நிலுவைத் தாள் ஒன்று இருந்தாலும் நிபந்தனைச் சேர்க்கை பயனற்றுப் போகலாம். இதனால் பலர் படிப்பு முடிந்து ஓராண்டு வேலை செய்த பின்னரே செல்கின்றனர்.

செலவு

அரசியல் சட்ட நீதிமன்றத்தின் 2005ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் தொடர்ந்து சில மாநிலங்கள் பருவத்துக்கு 500 யூரோ அளவில் கல்விக் கட்டணம் பெற்றன. மக்கள் எதிர்ப்பினால் அவை ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டன. 2014இல் கடைசி மாநிலமான கீழ் சாக்சனியும் அதை நீக்கியது. எனினும் பின்வரும் விலக்குகள் உள்ளன:

- பாடன் வுர்ட்டம்பேர்க் மாநிலம் 2017/18 குளிர்காலப் பருவம் முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயிருந்து வரும் மாணவரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ பெறுகிறது. கார்ல்சுரூ, சுடுட்கார்ட் ஆகியன இம்மாநிலத்தில் உள்ளவை.
- மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024/25 குளிர்காலப் பருவம் முதல் இத்தகைய புதிய மாணவரிடம், முதுநிலைக்குப் பெரும்பாலும் பருவத்துக்கு 4,000 அல்லது 6,000 யூரோ பெறுகிறது.

கட்டணம் இல்லாத இடங்களிலும் பருவப் பங்களிப்பு என்னும் சிறு தொகை உண்டு. ஏறத்தாழ 100 முதல் 400 யூரோ வரையிலான இதில் பல இடங்களில் பொதுப் போக்குவரத்துச் சீட்டும் அடங்கும்.

மாணவருக்கு உண்மையான சுமை வாழ்க்கைச் செலவாகும். விசா பெறுவதற்கு ஓராண்டு வாழ்க்கைச் செலவை முன்னதாகவே காட்ட வேண்டும். இதற்கு "முடக்கக் கணக்கு" பெரிதும் பயன்படுகிறது. அதில் இடும் பணத்தை மாணவர் ஒரே முறையில் எடுக்க இயலாது. மாதந்தோறும் வரையறுத்த தொகையே விடுவிக்கப்படும். இத்தொகை 2023ஆம் ஆண்டுத் தொடக்கம் முதல் ஆண்டுக்கு 11,208 யூரோவாகவும், 2024ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் 11,904 யூரோவாகவும் உயர்த்தப்பட்டது. பின்னது மாதத்துக்கு 992 யூரோ ஆகும். மியூனிக் போன்ற நகரங்களில் அறை வாடகையே இதில் பெரும்பகுதியைக் கொண்டுவிடும்.

கல்விக் கட்டணம் இல்லை என்பதால் செலவே இல்லை என்று கருதிவிடுவது குடும்பங்களைக் கடனில் ஆழ்த்தக்கூடும். முடக்கக் கணக்கின் பணம் ஓராண்டுக்கு உரியது. குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்கும்போது அடுத்த காலத்துக்கான வருவாயையோ சேமிப்பையோ மீண்டும் காட்ட வேண்டும். படிப்புக் காலம் நான்கு பருவங்கள் என வரையறுக்கப்பட்டிருந்தாலும் ஐந்து, ஆறு பருவங்கள் எடுத்துக்கொள்வோர் பலர். இந்திய அரசு வங்கிகளின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில் 7.5 இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கடனுக்கு வீடு, நிலம் போன்ற சொத்துப் பிணை கேட்கப்படுகிறது. ஆகவே ஓராண்டுச் செலவோடு நில்லாமல், குறைந்தது இரண்டரை ஆண்டுச் செலவைக் கணக்கிட்டு முடிவெடுப்பது பாதுகாப்பானது.

உதவித்தொகை

டாட் அமைப்பு வளரும் நாடுகளின் பட்டதாரிகளுக்கு, வளர்ச்சி தொடர்பான முதுநிலைப் படிப்புகளுக்கான உதவித்தொகையை வழங்குகிறது. இதற்குப் பொதுவாக இரண்டாண்டுப் பணி அனுபவம் வேண்டும். கொன்ராட் அடினாவர், பிரீட்ரிக் எபர்ட், ஐன்ரிக் பியோல் ஆகியோர் பெயரிலான அறக்கட்டளைகளும் வெளிநாட்டு மாணவருக்கு உதவுகின்றன. 2011ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட "டாய்ச்லாண்ட் உதவித்தொகை" மாதத்துக்கு 300 யூரோ வழங்குகிறது. இதற்குச் சேர்ந்த பல்கலைக்கழகத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும். உதவித்தொகை பெறுவோர் தொகை சிறிதாதலால், இதனை நம்பி மட்டும் திட்டமிடுவது ஏற்றதன்று.

விசா

சேர்க்கைக் கடிதம் கிடைத்த பின் தேசிய விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். குறுகிய காலச் சுற்றுலா விசாவில் சென்று அங்கு மாணவர் அனுமதியாக மாற்ற இயலாது. தமிழ்நாட்டில் வசிப்போரின் விண்ணப்பங்களைச் சென்னையிலுள்ள ஜெர்மன் துணைத் தூதரகம் கையாளுகிறது. விசாக் கட்டணம் 75 யூரோ ஆகும். சேர்க்கைக் கடிதம், ஏ.பி.எஸ். சான்றிதழ், பணச் சான்று, மருத்துவக் காப்பீடு, மொழிச் சான்று, நோக்கக் கடிதம் ஆகியன இன்றியமையாதவை.

விசா மறுக்கப்பட்டவர் தூதரகத்திடமே மறு ஆய்வு கோரும் முறை முன்னர் இருந்தது. 2025ஆம் ஆண்டு சூலை 1 முதல் இது உலகெங்கும் நீக்கப்பட்டது. அதன் பின் மறுக்கப்பட்டவர் குறைகளை நீக்கிப் புதிதாக விண்ணப்பிக்கலாம், அல்லது பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம். இதனால் முதல் விண்ணப்பத்தையே முழுமையாகச் செய்வதன் தேவை மிகுந்துள்ளது.

படிப்பின்போதும் பின்னரும்

ஜெர்மனி சென்றபின் வசிக்கும் நகரில் முகவரிப் பதிவு, பல்கலைக்கழகப் பதிவு, மருத்துவக் காப்பீடு, வெளிநாட்டவர் அலுவலகத்தில் குடியிருப்பு அனுமதி ஆகியவற்றை முடிக்க வேண்டும். 30 வயதைக் கடந்தவருக்குப் பொதுக் காப்பீட்டின் மாணவர் சலுகைக் கட்டணம் பொதுவாகக் கிடைப்பதில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயிருந்து வந்த மாணவர் 2024ஆம் ஆண்டு மார்ச்சு முதல் ஆண்டுக்கு 140 முழு நாள்கள் அல்லது 280 அரை நாள்கள் வேலை செய்யலாம். முன்னர் இது 120, 240 நாள்களாக இருந்தது.

தேர்வு முறையில் உள்ள ஒரு வேறுபாடு குறிப்பிடத்தக்கது. இந்தியாவில் தவறிய தாளைப் பின்னர் பல முறை எழுதித் தேறலாம். ஜெர்மனியின் பல பல்கலைக்கழகங்களில் ஒரு தேர்வை மூன்று முறை மட்டுமே எழுத முடியும். கட்டாயப் பாடத்தில் மூன்றாம் முறையும் தவறினால் மாணவர் பதிவு நீக்கப்படுவார்; அதே படிப்பை நாட்டின் வேறு பல்கலைக்கழகத்தில் தொடர்வதும் பொதுவாகத் தடைப்படும். தயாரிப்பில்லாத தேர்விலிருந்து உரிய நாளுக்குள் விலகிக்கொள்ளும் வசதி இதனாலேயே முக்கியத்துவம் பெறுகிறது.

பட்டம் பெற்றவர் தகுதிக்கேற்ற வேலை தேட 18 மாதங்கள் வரை தங்க அனுமதி பெறலாம்.

இடைத்தரகர்களும் சிக்கல்களும்

விண்ணப்ப நடைமுறை முழுவதையும் மாணவர் தாமே செய்ய இயலும். ஆயினும் கல்வி ஆலோசனை நிறுவனங்களை நாடுவோர் மிகுதி. பொருத்தமான ஆலோசனை வழங்குவோர் உள்ளனர். அதே வேளையில், சேர்க்கைக்குத் தரகு வழங்கும் கட்டணக் கல்லூரிகளை மட்டும் காட்டி, கட்டணமற்ற அரசுப் பல்கலைக்கழகங்களை மறைப்போரும் உள்ளனர். மாணவரின் கடவுச்சொல்லைத் தம்மிடமே வைத்துக்கொள்ளுதல், ஒரே நோக்கக் கடிதத்தைப் பலருக்கு வழங்குதல், இல்லாத பணி அனுபவத்துக்குச் சான்று பெற்றுத் தருவதாகக் கூறுதல் ஆகியவை எச்சரிக்கை அடையாளங்களாகும். போலி ஆவணத்தின் விளைவை மாணவரே ஏற்க நேரிடும், முகவர் அல்லர்.

மாணவர் விசா நேரில் வருகை தந்து படிக்கும் முழுநேரப் படிப்புக்கு உரியது. பெரும்பகுதி இணையவழியில் நடைபெறும் படிப்புகளில் சேர்ந்தோர் குடியிருப்பு அனுமதி பெறுவதில் சிக்கலைச் சந்திக்கலாம். எனவே பணம் செலுத்துமுன் அப்படிப்பின் பயிற்று முறை, அரசு ஏற்பு, கட்டணம் திரும்பப் பெறும் விதி ஆகிய மூன்றையும் கல்வி நிறுவனத்திடமே எழுத்து மூலம் கேட்டறிதல் வேண்டும்.